அந்த வேடம் முதலில் யாருக்குப் போனது?

பெயர் பெற்ற சினிமா வேடங்களில் எதெல்லாம் முதலில் வேறொரு நடிகரிடம் போனது, அவரே நடித்திருந்தால் படம் இதே மாதிரி ஓடியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். அந்த வரிசை எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அதில் வதந்தியும் கலந்தே கிடைக்கிறது. இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான சமயம், நாம் பார்த்து ரசித்த அந்த வேடம், அதை மறுத்தவரிடம் போகவே இல்லை. அவர் கேட்டது ஒரு கதை. வேடம் என்று நாம் இன்று சொல்வது, வேறொருவர் வந்து நின்ற பிறகு உண்டானது. இதை ஊகமாகச் சொல்லவில்லை. சில படங்களில் இதற்குக் கண்ணெதிரே ஆதாரம் இருக்கிறது.

அதற்கு முன், எந்தக் கதையை நம்புவது என்று ஒரு வார்த்தை. நடிகர் ஒப்பந்தமாகி, கேமரா முன் நின்று, அப்புறம் விலகியிருந்தால் சந்தேகமே இல்லை. இயக்குநரோ நடிகரோ பின்னாளில் தானே வாய்விட்டுச் சொன்னதையும் பெரும்பாலும் ஏற்கலாம். பத்திரிகையில் பெயர் அடிபட்டது என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது. ஹாலிவுட்டில் இதற்கு நல்ல உதாரணம் 'காசாபிளாங்கா'. ஹம்ப்ரி போகார்ட் நடித்த ரிக் வேடம் முதலில் ரொனால்ட் ரீகனுக்குப் போனது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நடந்தது என்னவென்றால், 1942 தொடக்கத்தில் வார்னர் ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவு, தன்னிடம் ஒப்பந்தத்தில் இருந்த நடிகர்களின் பெயர் செய்தியில் இருக்கட்டும் என்று ரீகன் பெயரைப் போட்டு ஓர் அறிவிப்பு விட்டது. தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் போகார்ட்டைத்தான் மனதில் வைத்திருந்தார். ஒரு துண்டுச் செய்தி, பிறகு ரீகன் ஜனாதிபதி ஆனதும் பெரிய கதையாகிவிட்டது. கோடம்பாக்கத்திலும் இப்படி ஊதிப் பெருத்த கதைகள் ஏராளம். அவற்றை விட்டுவிட்டு, நிற்கக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 'மிஸ்ஸியம்மா'. தென்னிந்திய சினிமாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. நாகிரெட்டி, சக்ரபாணி இருவரின் விஜயா நிறுவனம், எல்.வி.பிரசாத் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம். 1955 ஜனவரியில் வெளியானது. வேலை கிடைக்காத இரண்டு பேர், ஒரு ஜமீன்தார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லிச் சேர்கிறார்கள். பெண் கிறிஸ்தவர், பையன் இந்து. அந்த மேரி வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பி.பானுமதி. சாவித்திரிக்குக் கொடுத்திருந்தது இரண்டாவது கதாநாயகி வேடம், ஜமீன்தார் வீட்டுப் பெண்.

நாலு ரீல் வரை எடுத்தாகிவிட்டது. ஒரு நாள் பானுமதி படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார். அன்று வரலட்சுமி நோன்பு. காலையில் பூஜை இருப்பதால் மதியம்தான் வர முடியும் என்று அவர் முன்பே எழுதி அனுப்பியிருந்தார். அந்தத் தகவல் சக்ரபாணியிடம் போய்ச் சேரவில்லை. அவர் கோபப்பட்டார், மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பானுமதி தன்மேல் தவறில்லை என்று மறுத்தார். அவர் நடிகை மட்டுமல்ல. பாடகி, எழுத்தாளர், இயக்குநர், ஒரு ஸ்டுடியோவின் சொந்தக்காரர். தயாரிப்பாளர் முன் குனிந்து நிற்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. சக்ரபாணி அந்த நாலு ரீலையும் எரித்துவிட்டார். சாவித்திரியை மேரியாக்கி, சாவித்திரியின் பழைய வேடத்துக்கு ஜமுனாவைப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

இப்போது பாருங்கள். மேரி கோபக்காரி. வீட்டுக்குள் கணவனாக நடிப்பவனைப் பார்த்தாலே எரிச்சல். வெளியே வந்ததும் சிரித்த முகம் காட்டியாக வேண்டும். சாவித்திரி இதைச் செய்யும்போது கோபத்துக்கு அடியில் ஒரு சின்னப் பெண்ணின் பிடிவாதம் தெரிகிறது. மூக்கு விடைக்கிறது, கண் கலங்கிவிடும் போலிருக்கிறது. அதனால்தான் ஜெமினி கணேசன் அவரைச் சீண்டுவது நமக்கு விளையாட்டாகப் படுகிறது. பானுமதியின் கோபம் வேறு ரகம். 'மலைக்கள்ள'னிலும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரே நிற்கும் கதாநாயகனை அளந்து பார்க்கும் பார்வை அது. அவர் மேரியாக நடித்திருந்தால் அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கும் என்பதே மாறியிருக்கும். இன்னொன்று, பானுமதி தன் பாட்டைத் தானே பாடுபவர். 'வாராயோ வெண்ணிலாவே' என்று ஏ.எம்.ராஜாவோடு பி.லீலா சேர்ந்து பாடிய குரலைத்தான் நாம் மேரியின் குரலாக மனதில் வைத்திருக்கிறோம். அந்தக் குரலே இருந்திருக்காது. படம் ஓடியிருக்கலாம், நன்றாகவே ஓடியிருக்கலாம். ஆனால் அது வேறு மேரி.

இந்த விஷயத்தில் பானுமதி பின்னாளில் பேசியது பெருந்தன்மையானது. தான் விலகியதால் ஒரு நல்ல நடிகைக்கு வழி கிடைத்தது என்று மகிழ்ச்சியாகவே சொல்லியிருக்கிறார். 'தேவதாஸ்' ஏற்கெனவே வந்து சாவித்திரிக்குப் பேர் இருந்தது உண்மை. ஆனால் அழவைக்கத் தெரிந்த நடிகைக்குச் சிரிக்கவைக்கவும் தெரியும் என்று காட்டியது மிஸ்ஸியம்மாதான்.

இதற்கு நேர் எதிரான கதை அதற்கு மூன்று வருடம் முன்னால் நடந்தது: மாற்றப்பட இருந்தவர் மாற்றப்படாமல் தப்பித்த கதை. 'பராசக்தி'யில் நாயகன் குணசேகரனாக வி.சி.கணேசனை, அதாவது பின்னாளைய சிவாஜியை, போட வேண்டும் என்றவர் தயாரிப்பாளர் வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியார். நாடகத்தில் நூர்ஜகானாகப் பெண் வேடத்தில் கணேசனைப் பார்த்து அசந்துபோனவர் அவர். படத்தில் கூட்டுச் சேர்ந்த ஏ.வி.மெய்யப்பனுக்கு அந்த ஒல்லியான பையன்மேல் நம்பிக்கை வரவில்லை. சில ஆயிரம் அடி எடுத்த பிறகும், இவரை எடுத்துவிட்டு கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்று சொன்னார். இது ஒன்றும் அநியாயமான யோசனை இல்லை. அண்ணாவின் 'வேலைக்காரி'யில் நடித்து அன்றைக்கு நட்சத்திரமாக இருந்தவர் ராமசாமி, மேடையிலும் திரையிலும் பழுத்தவர், நன்றாகப் பாடுவார். வியாபாரக் கணக்குப்படி மெய்யப்பன் சொன்னதுதான் சரி. பெருமாள் அசையவில்லை. கணேசனை நன்றாகச் சாப்பிடவைத்து, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு, முதலில் எடுத்த காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. சிவாஜி பல வருடம் பொங்கலன்று வேலூருக்குப் போய்ப் பெருமாள் வீட்டில் மரியாதை செய்துவிட்டு வருவார் என்பது பலர் எழுதிய செய்தி.

ராமசாமி நடித்திருந்தால் குணசேகரனின் பாட்டுகளைத் தன் குரலிலேயே பாடியிருப்பார் என்பது என் எண்ணம். பாடும் நாயகனை வைத்துக்கொண்டு இன்னொருவர் குரலைத் தேட மாட்டார்கள். கலைஞரின் வசனத்துக்கு அந்த நீதிமன்றக் காட்சியில் கிடைத்த மூச்சும் ஏற்ற இறக்கமும் வேறாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு தமிழ் நாயகர்கள் வசனம் பேசிய முறையே கொஞ்சம் வேறாகப் போயிருக்கலாம்.

நட்சத்திரம் மாறினால் வேடம் எப்படி உருமாறும் என்பதை ஊகிக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்தியில் சலீம்-ஜாவேத் எழுதிய 'சஞ்சீர்' கதை தர்மேந்திரா, தேவ் ஆனந்த், ராஜ்குமார் என்று சுற்றி வந்தது. தேவ் ஆனந்துக்கு இருந்த குறை, கதாநாயகனுக்குப் பாட்டே இல்லை என்பது. அது அவர் பக்கத்து நியாயம். பாட்டு இல்லாத தேவ் ஆனந்த் படத்துக்கு யார் வருவார்கள்? கடைசியில், வரிசையாகத் தோல்விகள் கொடுத்திருந்த அமிதாப் பச்சனிடம் வந்தது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் என்பதால் பாடாத, சிரிக்காத ஒரு இன்ஸ்பெக்டராக அவரால் நிற்க முடிந்தது. 1973-ல் படம் வெளியாகி, அதற்குப் பிறகு இந்தி சினிமாவின் முகமே மாறியது. அடுத்த வருடமே அது தமிழில் எம்.ஜி.ஆர். நடிக்க 'சிரித்து வாழ வேண்டும்' என்று வந்தது. அதில் என்ன நடந்தது? இந்தியில் பிரான் செய்த பட்டாணியர் வேடம் இருக்கிறதே, நாயகனுக்குச் சமமாக எதிரே நிற்கும் வேடம், அதையும் எம்.ஜி.ஆரே செய்தார். இன்ஸ்பெக்டரும் அவர், அப்துல் ரகுமானும் அவர். லதாவோடு டூயட் வந்தது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை; எம்.ஜி.ஆர். ரசிகருக்கு அதுதான் வேண்டும், படம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரே கதை, இரண்டு நாயகர்கள், கையில் வந்தது முற்றிலும் வேறு வேறு ஆட்கள். தேவ் ஆனந்த் ஒத்துக்கொண்டிருந்தால் சஞ்சீர் எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

'ஷோலே' கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் அதில் ஒரு விஷயம் எப்போதும் விட்டுப்போகிறது. கப்பர் சிங் வேடத்துக்கு முதலில் பேசியிருந்தது டேனி டென்சோங்பாவை. ஃபெரோஸ் கான் எடுத்த 'தர்மாத்மா'வுக்காக ஆப்கானிஸ்தானில் படப்பிடிப்பு, கால்ஷீட் மோதியது, டேனி விலகினார். அம்ஜத் கான் வந்தார். விட்டுப்போகும் விஷயம் இது: வந்ததும் அவர் ஜெயித்துவிடவில்லை. பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரப் பாறைகளுக்கு நடுவே, அமிதாப், தர்மேந்திரா, சஞ்சீவ் குமார் என்று பெரிய தலைகளுக்கு எதிரே, புது ஆள். ஆரம்ப நாட்களில் வசனம் வாயில் நிற்கவில்லை. குரல் மெலிசாக இருக்கிறது, கொள்ளைக்காரனுக்கு எடுபடாது என்று பேச்சு கிளம்பியது. அவரைச் சிபாரிசு செய்த எழுத்தாளர்கள் சலீம்-ஜாவேதே, தேவைப்பட்டால் மாற்றிவிடலாம் என்று சொன்னார்கள். இயக்குநர் ரமேஷ் சிப்பி மாற்றவில்லை. அம்ஜத் சம்பல் கொள்ளையர்களைப் பற்றி தருண் குமார் பாதுரி எழுதிய புத்தகத்தைப் படித்து உழைத்தார். சிறு வயதில் பார்த்த ஒரு சலவைத் தொழிலாளி தன் மனைவியைக் கூப்பிடும் இழுவையை எடுத்து, கப்பர் தன் கூட்டாளியைக் கூப்பிடும் 'அரே ஓ சாம்பா'வில் வைத்தார். அந்த மெலிசான குரலே பயமுறுத்தும் ஆயுதம் ஆகிவிட்டது. கத்தாமல், புகையிலையை மென்றுகொண்டு, பெல்ட்டைப் பாறையில் இழுத்தபடி நடக்கிறார். பெல்ட்டின் கொக்கி கல்லில் உரசும் சத்தம் முதலில் வருகிறது, முகம் அப்புறம்தான் வருகிறது. டேனி மிக நல்ல நடிகர். ஆனால் அந்த இழுவை டேனியிடம் இருந்திருக்க வழியே இல்லை. அது அம்ஜத்தின் ஊரிலிருந்து வந்தது.

இதே படத்தில் நடிகர்கள் ஆளுக்கொரு வேடத்துக்கு ஆசைப்பட்டதும் நடந்தது. தாக்கூர் வேடம் தனக்கு வேண்டும் என்றார் தர்மேந்திரா. அப்படியானால் வீரு வேடம் சஞ்சீவ் குமாருக்குப் போகும், ஹேமமாலினிக்கு ஜோடி அவர்தான் என்று சிப்பி சொன்னதும் பேச்சு முடிந்தது. அந்த ஹேமமாலினியும் ஒரு காலத்தில் ஸ்ரீதர் படத்திலிருந்து நீக்கப்பட்டவர்தான். 'வெண்ணிற ஆடை'க்கு முதலில் தேர்வாகி, பிறகு எடுக்கப்பட்டார். அந்தப் படத்தில்தான் ஜெயலலிதா தமிழில் நாயகியாக அறிமுகமானார், நிர்மலாவும் அறிமுகமானார்.

ஹாலிவுட்டில் இரண்டே உதாரணம் சொல்லி நகர்கிறேன். 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தில் மார்ட்டியாக எரிக் ஸ்டோல்ட்ஸ் வாரக்கணக்கில் நடித்தார். எடுத்ததைப் போட்டுப் பார்த்த இயக்குநர் ராபர்ட் ஸெமெக்கிஸுக்கு, நடிப்பு நன்றாக இருக்கிறது, சிரிப்பு வரவில்லை என்று பட்டது. 1985 ஜனவரியில் அவரை விலக்கிவிட்டு, முதலில் கேட்டுக் கிடைக்காத மைக்கேல் ஜே.ஃபாக்ஸைக் கொண்டுவந்தார்கள். ஃபாக்ஸ் பகலில் டிவி தொடர், இரவில் இந்தப் படம் என்று தூங்காமல் நடித்தார். நாயகியாக இருந்த மெலோரா ஹார்டினும் வேடத்தை இழந்தார், காரணம் புது நாயகனைவிட அவர் உயரம். நடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தத் தொழிலில் இப்படியும் அடி விழும்.

இரண்டாவது, 'காட்ஃபாதர்'. மைக்கேல் வேடத்துக்கு அல் பசினோவை ஸ்டுடியோ விரும்பவில்லை; ராபர்ட் ரெட்ஃபோர்ட், ரையன் ஓ'நீல் என்று பெயர்கள் சொன்னார்கள். கொப்போலா விடாப்பிடியாக நின்றார். பசினோ வர வேண்டுமானால் அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேறொரு நகைச்சுவைப் படத்திலிருந்து விலக வேண்டும். விலகினார். அந்தக் காலி இடத்துக்குப் போனவர் ராபர்ட் டி நீரோ. அவர் காட்ஃபாதரில் ஒரு சின்ன வேடத்துக்குத் தேர்வாகியிருந்தார், அதை விட்டுவிட்டுப் போனார். விட்டுப் போனதால்தான் 1974-ல் இரண்டாம் பாகத்தில் இளவயது வீட்டோவாக அவரால் வர முடிந்தது, ஆஸ்கரும் வாங்கினார். முதல் பாகத்தில் அந்தச் சின்ன வேடத்தில் செத்துப்போயிருந்தால் இரண்டாம் பாகத்தில் அவரை யோசித்திருக்கவே மாட்டார்கள். பசினோவின் ஒரு முடிவு இரண்டு பேர் தலையெழுத்தைத் திருப்பியது.

கிட்டத்தட்ட இதே மாதிரி கேரளத்திலும் நடந்தது. 1986-ல் வந்த 'ராஜாவின்டெ மகன்' மோகன்லாலை சூப்பர் ஸ்டார் ஆக்கிய படம். தம்பி கண்ணந்தானம் இயக்கம், டென்னிஸ் ஜோசப் எழுத்து. வின்சென்ட் கோமஸ் என்ற அந்த தாதா வேடத்துக்கு முதலில் அணுகியது மம்மூட்டியை. இயக்குநரின் முந்தைய படம் தோல்வி என்பதால் அவர் தயங்கி மறுத்தார் என்று டென்னிஸ் ஜோசப்பே சொல்லியிருக்கிறார். அந்தச் சமயம் மம்மூட்டிக்கும் படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அடுத்த வருடம் அவரை மீட்டது எது தெரியுமா? ஜோஷி இயக்கிய 'நியூ டெல்ஹி'. எழுதியவர் அதே டென்னிஸ் ஜோசப். ஒரே பேனா, ஒரு வருட இடைவெளியில், ஒருவருக்கு நாற்காலி போட்டது, இன்னொருவரை நாற்காலியிலிருந்து விழாமல் பிடித்தது. மறுத்தவர் எல்லாவற்றையும் இழந்துவிட்டார் என்று பேசுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

தமிழில் இந்தப் பேச்சு வந்தாலே அஜித் விட்டார், சூர்யா பிடித்தார் என்பார்கள். அது உண்மைதான். 'நேருக்கு நேர்' படத்தில் விஜய்யோடு நடிக்கத் தொடங்கி, சில நாள் படப்பிடிப்புக்குப் பிறகு அஜித் விலகினார். அந்த இடத்தில் 1997-ல் சூர்யா அறிமுகமானார். 'நந்தா' அஜித்துக்குச் சொல்லப்பட்ட கதை. 'காக்க காக்க'வும் அவரைக் கடந்து வந்தது. 'கஜினி'யோ 'மிரட்டல்' என்ற பெயரில் அவரை வைத்தே தொடங்கப்பட்டது. ஆனால் இந்தக் கணக்கின் முதல் வரியை யாரும் படிப்பதில்லை. நேருக்கு நேர் எடுத்த அதே வசந்த், 1995-ல் 'ஆசை' எடுக்கும்போது முதலில் கேட்டது சிவகுமார் வீட்டுப் பிள்ளை சரவணனை. நடிப்பில் நாட்டம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஆசையில் நடித்து அஜித் பெரிய ஆளானார். சரவணன் இரண்டு வருடம் கழித்து, அஜித் விட்ட இடத்தில், சூர்யா என்ற பெயரோடு வந்தார். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று இதில் எப்படிச் சொல்வது? கஜினியில் சஞ்சய் ராமசாமி ஆசின் முன்னால் வாயடைத்து நிற்கும் அந்தப் பணக்காரப் பையனின் வெட்கம், சூர்யாவின் சுபாவத்திலிருந்தே வந்தது என்று எனக்குத் தோன்றும். அஜித்தை வைத்து எடுத்திருந்தால் முருகதாஸ் அந்தப் பகுதியை வேறு மாதிரி எழுதியிருப்பார்.

'ரோஜா'வில் ஒரே படத்துக்கு இரண்டு மறுப்பு. நாயகி வேடம் நடிகை லட்சுமியின் மகள் ஐஸ்வர்யாவுக்கு வந்தது. வேறு படத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்று பாட்டி தடுத்துவிட்டதை அவரே பல பேட்டிகளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். மதுபாலா வந்தார். நாயகனாக நடிக்க மணிரத்னம் கேட்டது ராஜீவ் மேனனை. தனக்குக் கேமராவுக்குப் பின்னால்தான் வேலை என்று அவர் மறுத்தார், அரவிந்த்சாமி நடித்தார். ராஜீவ் மேனன் அடுத்து மணிரத்னத்துக்கே 'பம்பாய்' ஒளிப்பதிவு செய்தார். 1997-ல் 'மின்சார கனவு' இயக்கியபோது அதில் அரவிந்த்சாமியையே நடிக்கவைத்தார். தனக்கு எது சரி என்று தெரிந்து மறுத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ரம்யா கிருஷ்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'படையப்பா'வின் நீலாம்பரிக்கு ரஜினி மனதில் இருந்தவர் ஐஸ்வர்யா ராய். மாதக்கணக்கில் முயன்றும் நடக்கவில்லை என்று ரஜினியே அண்மையில் சொல்லியிருக்கிறார். மீனா பெயரும் பேசப்பட்டது. முகத்தில் அந்தக் கடுமை வராது என்று விட்டார்கள். 1999-ல் ரம்யா கிருஷ்ணன் அதைச் செய்தபோது ரஜினிக்கு எதிரே நின்று அவர் அளவுக்குக் கைதட்டல் வாங்கினார். ஊஞ்சல் காட்சியை நினைத்துப் பாருங்கள். துண்டை வீசி ஊஞ்சலை இறக்கி உட்காருவது ரஜினி ஸ்டைல், சரி. ஆனால் அந்தக் காட்சிக்கு உயிர், எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில் வந்துபோகும் ஆத்திரமும் மயக்கமும். இரண்டும் ஒரே நொடியில். 'பாகுபலி'யின் சிவகாமியும் அவருக்கு முன் ஸ்ரீதேவியிடம் போன வேடம். அங்கே ஒரு கசப்பு. ஸ்ரீதேவி தரப்பில் கேட்டவை அதிகம் என்று 2017-ல் ராஜமௌலி ஒரு டிவி பேட்டியில் சொன்னார். தான் அப்படிக் கேட்கவே இல்லை என்று ஸ்ரீதேவி வருத்தத்தோடு மறுத்தார். அதைப் பொதுவில் பேசியிருக்கக் கூடாது என்று ராஜமௌலியும் பிறகு ஒப்புக்கொண்டார். ஏன் நடக்கவில்லை என்ற விஷயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு நடிகையின் பேராசை என்று எழுதுவது நியாயமே இல்லை. நாயகர்கள் கதையை மறுத்தால் கால்ஷீட் பிரச்சினை, நாயகிகள் மறுத்தால் திமிர் என்று எழுதும் பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. 'சந்திரமுகி'யில் சிம்ரன் சில நாள் நடித்துவிட்டு விலகியது கர்ப்பம் காரணமாக. ஜோதிகா வந்து செய்த வேலை எவ்வளவு பெரியது என்று சொல்ல சிம்ரனைக் குறைத்துப் பேச வேண்டிய தேவை எங்கே வந்தது?

ஷங்கர் படங்களில் வேறு வகைக் காரணம் ஒன்று இருக்கிறது. 'முதல்வன்' ரஜினிக்கும் பிறகு விஜய்க்கும் போய், அர்ஜுனிடம் வந்தது. 1999-ல் ரஜினி அரசியலுக்கு வருவாரா என்பதுதான் தமிழ்நாட்டின் கேள்வியாக இருந்தது. அவர் ஒரு நாள் முதல்வராக நடித்திருந்தால் யாரும் அதைப் புகழேந்தி என்ற டிவி நிருபரின் கதையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வசனமும் அறிவிப்பாகியிருக்கும். அர்ஜுன் நடித்ததால்தான் மாட்டிக்கொண்டு தவிக்கும் ஒரு சாதாரண மனிதன் அதில் கடைசிவரை மிஞ்சினான். 'எந்திர'னில் இது தலைகீழ். அது கமல்ஹாசனை வைத்துப் புகைப்பட ஒத்திகை வரை போனது, பிறகு ஷாருக் கானிடம் பேச்சு நடந்து 2007-ல் முறிந்தது, 2010-ல் ரஜினி படமாக வந்தது. கமல் செய்திருந்தால் விஞ்ஞானி வசீகரன் இன்னும் ஆழமாக இருந்திருப்பார் என்பது என் நம்பிக்கை. ஆனால் கெட்டுப்போன சிட்டியின் சிரிப்பும் தலையைச் சாய்க்கும் விதமும் இருக்கிறதே, அது 1970களில் வில்லனாகச் சிகரெட்டைத் தூக்கிப் போட்ட ரஜினியைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய ரசிகர்கள் தியேட்டரில் எழுந்து நின்றது அதற்குத்தான். அந்த நினைவு வேறு யாரோடும் வந்திருக்காது. அந்தப் படத்தில் இன்னொரு விஞ்ஞானி போராவாக நடித்தவர், கப்பர் சிங்கை விட்ட அதே டேனி.

அண்மைக் காலத்தில் 'வட சென்னை'யைச் சொல்லலாம். ராஜன் வேடம் விஜய் சேதுபதிக்கு இருந்தது, தேதி ஒத்துவராமல் அவர் விலக, இயக்குநர் அமீர் நடித்தார். பத்மாவாக சமந்தா, அமலா பால் என்று மாறி ஐஸ்வர்யா ராஜேஷிடம் வந்தது. அமீர் நட்சத்திரம் இல்லை என்பது ராஜனுக்குப் பெரிய பலம். அவர் உயிர் எப்போது போகும் என்று நம்மால் கணக்குப் போட முடியவில்லை.

சரி, மறுத்தவர் நடித்திருந்தால் ஓடியிருக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். சில ஓடியிருக்கும், சில ஓடியிருக்காது. அதை யாராலும் சொல்ல முடியாது. எந்த மாற்றுப் படத்தை நிஜமாகவே பார்க்க ஆசை என்று கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. 'கைதி'யின் டில்லி வேடத்தை லோகேஷ் கனகராஜ் முதலில் எழுதியது மன்சூர் அலிகானை மனதில் வைத்து. கார்த்தி வந்ததும் படம் பெரிதானது, 2019 தீபாவளிக்கு வந்து நன்றாக ஓடியது, கார்த்தியும் பிரமாதமாகச் செய்தார். ஆனாலும் ஒரு ராத்திரி, ஒரு லாரி, பத்து வருடம் கழித்து மகளைப் பார்க்கப் போகும் அப்பா என்ற அந்தக் கதையை, வாழ்நாள் முழுக்க வில்லனாகவே பார்த்த ஒரு முகத்தோடு, சின்ன பட்ஜெட்டில் எடுத்திருந்தால், அவன் உள்ளே போனதற்கு என்ன காரணமாக இருக்கும் என்று நாம் கடைசிவரை பயந்துகொண்டே பார்த்திருப்போம். கார்த்தியைப் பார்த்து அந்தப் பயம் நமக்கு வரவில்லை.